உங்களுக்குத் தெரியுமா? பிரபஞ்சம் விரியும் வேகம்: 67-ஆ, 73-ஆ?

பிரபஞ்சம் விரிகிறது என்பதில் வானியலாளர்களுக்குள் சண்டை இல்லை. எவ்வளவு வேகத்தில் என்று கேட்டால்தான் இரண்டு விடைகள் வருகின்றன. இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வழக்கும் கிளம்பியிருக்கிறது: அந்த விரிவை முடுக்கிவிடும் கரும் ஆற்றல் என்றைக்கும் ஒரே அளவில் இருப்பதா, காலத்தோடு மாறுவதா? செய்திகளில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. உண்மையில் இவை இரண்டு தனி வழக்குகள். ஒன்றின் தீர்ப்பு மற்றொன்றைத் தீர்க்காது. இன்னும் சிக்கலாக்கவும் கூடும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு துணுக்குகளுக்குள் போவோம்.

★ 73 என்றால் என்ன கணக்கு? ஒரு மெகாபார்செக், அதாவது 32.6 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கேலக்ஸி, விரிவின் காரணமாக வினாடிக்கு 73 கி.மீ. வேகத்தில் விலகுகிறது என்று பொருள். தொலைவு இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்காகி 146 கி.மீ. ஆகும். இந்த எண்ணுக்கு ஹபிள் மாறிலி என்று பெயர். விண்மீன்களையும் விண்மீன் வெடிப்புகளையும் அளந்து ஆடம் ரீஸ் குழு 2022-இல் வெளியிட்ட மதிப்பு 73.04, அதன் பிழை வரம்பு 1.04. பிளாங்க் விண்கலத்தின் தரவிலிருந்து 2018-இல் கிடைத்த மதிப்பு 67.4, பிழை வரம்பு 0.5. வித்தியாசம் சுமார் 8 சதவீதம்தான். ஆனால் இரு தரப்பின் பிழை வரம்புகளையும் கணக்கில் எடுத்தால், இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வருவதற்கு ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு. யாரோ ஒருவர் அளந்ததில் பிழை இருக்க வேண்டும், அல்லது நம் இயற்பியலில் ஏதோ விடுபட்டிருக்க வேண்டும்.

★ இன்றைய அளவிலிருந்து பிரபஞ்சம் வெறும் 1 சதவீதம் விரிவதற்கு ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகள் ஆகும்.

★ எல்லாமே விலகி ஓடவில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள லோவல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-இல் ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் நிறமாலையை அளந்தபோது, அது வினாடிக்கு 300 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருவதாகத் தெரிந்தது. அதில் பெரும்பகுதி, நம் பால்வீதியின் மையத்தைச் சூரியன் சுற்றி ஓடும் வேகம். அதைக் கழித்துவிட்டாலும் ஆண்ட்ரோமீடா நம் பக்கம் வருவது உண்மை. ஈர்ப்பால் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கும் எதையும் விரிவு பிரிப்பதில்லை. சூரியக் குடும்பமும் விரியவில்லை, நம் உடம்பும் விரியவில்லை.

★ இந்த அளவீடு முழுவதற்கும் அடித்தளம் போட்டவர் ஹென்ரியட்டா லெவிட். ஹார்வர்டு வானாய்வகத்தில் பெண்களுக்குத் தொலைநோக்கியைத் தொட அனுமதி இல்லாத காலம் அது. கண்ணாடித் தகடுகளில் பதிவான விண்மீன்களின் ஒளியளவைக் கண்ணால் ஒப்பிட்டு எழுதுவதே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. மணிக்கு 30 சென்ட் கூலி. பெருவில் உள்ள அரெகிபாவிலிருந்து வந்த தகடுகளில், பால்வீதிக்கு அருகிலுள்ள சிறு கேலக்ஸிகளான மெகல்லன் மேகங்களில் மட்டும் 1,777 மாறு விண்மீன்களைக் கண்டுபிடித்து 1908-இல் பட்டியல் வெளியிட்டார். 1912-இல், சிறிய மெகல்லன் மேகத்தில் உள்ள 25 விண்மீன்களை எடுத்துக்கொண்டு, பிரகாசம் கூடியவை மெதுவாகத் துடிக்கின்றன என்ற விதியைக் காட்டினார். இன்று செஃபீட் என்று அழைக்கப்படும் விண்மீன்கள் இவை. துடிப்பின் கால அளவைப் பார்த்தால் உண்மையான பிரகாசம் தெரியும். கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு அதை ஒப்பிட்டால் தொலைவு தெரியும். 73 என்ற எண் இன்றும் இந்த விதியின் மேல்தான் நிற்கிறது.

லெவிட் 1921 டிசம்பரில் இறந்தார். சுவீடனின் கணிதவியலாளர் மிட்டாக்-லெஃப்ளர், அவர் இறந்தது தெரியாமலே, நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கும் எண்ணத்தோடு 1925-இல் அவருக்குக் கடிதம் எழுதினார். இந்த விதிக்கு ‘லெவிட் விதி’ என்ற பெயர் பரவலாக வழங்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். இன்னும் எத்தனையோ பாடநூல்களில் அந்தப் பெயர் இல்லை, இருக்க வேண்டும்.

★ பிரபஞ்சம் விரிவதை முதலில் கணக்கிட்டவர் எட்வின் ஹபிள் அல்லர். பெல்ஜியத்தின் கத்தோலிக்கப் பாதிரியார் ஜார்ஜ் லெமேத்ர் 1927-இலேயே, ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து விரிவைத் தருவித்து, அதன் வேகத்தையும் ஏறத்தாழ 625 என்று கணித்திருந்தார். பிரெஞ்சு மொழியில், பிரசல்ஸின் ஓர் அறிவியல் சங்க இதழில் வந்ததால் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஹபிளின் கட்டுரை வந்தது 1929-இல். 1931-இல் லெமேத்ரின் கட்டுரை ஆங்கிலத்தில் வெளியானபோது, வேகத்தைக் கணித்த அந்தப் பத்தி மட்டும் காணாமல் போயிருந்தது. யாரோ வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள் என்ற சந்தேகம் நெடுங்காலம் இருந்தது. வானியலாளர் மரியோ லிவியோ பழைய கடிதங்களைத் தேடி 2011-இல் புதிரை அவிழ்த்தார்: மொழிபெயர்த்தவரும் வெட்டியவரும் லெமேத்ரேதான்! அதற்குள் நல்ல அளவீடுகள் வந்துவிட்டன, பழைய தற்காலிகக் கணக்கை மீண்டும் அச்சிடுவதில் பயனில்லை என்று அவரே விட்டுவிட்டார். முந்தியது யார் என்ற போட்டி அவர் மனத்தில் இருந்ததாகவே தெரியவில்லை. 2018-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுப்பு நடத்தி, தொலைவுக்கேற்ப விலகும் வேகம் கூடும் என்ற விதியை ‘ஹபிள்-லெமேத்ர் விதி’ என்று அழைக்கப் பரிந்துரைத்தது.

★ ஹபிள் 1929-இல் சொன்ன மதிப்பு ஏறத்தாழ 500. அதை வைத்துப் பிரபஞ்சத்தின் வயதைக் கணித்தால் 200 கோடி ஆண்டு வரும். 1940-களில் கதிரியக்க முறையில் பூமியின் வயதே 300 கோடி ஆண்டுக்கு மேல் என்று தெரியவந்தது. தாயைவிடப் பிள்ளை மூத்ததாக இருக்க முடியாது. எங்கோ பெரிய பிழை இருந்தது.

பிழையைக் கண்டுபிடிக்கப் போர் உதவியது. வானியலாளர் வால்டர் பாடே ஜெர்மன் குடிமகன். இரண்டாம் உலகப் போரின்போது அவரை அமெரிக்க ராணுவ வேலையில் சேர்க்க முடியாது. ஆகவே உடன் வேலை பார்த்தவர்கள் போர்ப் பணிக்குப் போய்விட, மவுன்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கி பெரும்பாலும் அவர் கைக்கே வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரமோ விமானத் தாக்குதல் பயத்தில் விளக்கை அணைத்துக் கிடந்தது. அந்த இருட்டில் ஆண்ட்ரோமீடாவின் மையத்தில் உள்ள விண்மீன்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். விண்மீன்களில் இரண்டு தலைமுறைகள் உண்டு, அதனால் செஃபீட்களிலும் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றென எண்ணியதே பிழை என்ற முடிவுக்கு வந்தார். 1952-இல் ரோம் நகரில் அவர் இதை அறிவித்தபோது பிரபஞ்சத்தின் அளவு ஒரே நாளில் இரட்டிப்பானது. வயதும் இரட்டிப்பானது.

★ பிறகும் சண்டை ஓயவில்லை. 1970, 80-களில் ஆலன் சாண்டேஜும் குஸ்தாவ் டாமனும் 50 என்றார்கள். ஜெரார் த வோகூலர் 100 என்றார். ஒரே வானம், இரண்டு மடங்கு வித்தியாசம்! ஹபிள் விண்தொலைநோக்கியைக் கொண்டு வென்டி ஃப்ரீட்மன் தலைமையிலான குழு 2001-இல் 72 என்று அறிவித்து அந்தச் சண்டையை முடித்துவைத்தது. அப்போது பிழை வரம்பு 8. இன்று 67-க்கும் 73-க்கும் இடையே நடக்கும் வழக்கு அந்த ஒற்றைப் பிழை வரம்புக்குள் அடங்கிவிடும். அளவீடு அவ்வளவு கூர்மையாகிவிட்டதால்தான் இந்த வழக்கே பிறந்திருக்கிறது.

★ சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயது சு. சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது வெண்குள்ள விண்மீன்களின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்கிட்டார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பது இன்றைய மதிப்பு. அந்த வரம்பை நெருங்கும் வெண்குள்ளன் வெடித்துச் சிதறினால் அது ‘1ஏ வகை சூப்பர்நோவா’. எடை ஏறத்தாழ ஒன்றே என்பதால் வெடிப்பின் பிரகாசமும் ஏறத்தாழ ஒன்றே. எல்லா வெடிப்புகளும் மிகச் சரியாக அந்த வரம்பில்தான் நிகழ்கின்றனவா என்பதில் இன்றும் ஆய்வு நடக்கிறது. ஆனாலும் பிரகாசமான வெடிப்பு மெதுவாக மங்கும் என்று மார்க் ஃபிலிப்ஸ் 1993-இல் காட்டிய தொடர்பைப் பயன்படுத்தித் திருத்தினால், கோடிக்கணக்கான ஒளியாண்டு தொலைவுகளைச் சில சதவீதத் துல்லியத்தில் அளக்க முடிகிறது. செஃபீட் எட்டாத தொலைவுக்கு இந்த வெடிப்புகள்தான் துணை.

★ 1998-இல் இரண்டு குழுக்கள் இந்த வெடிப்புகளை அளந்து பார்த்தன. ஒன்று சால் பெர்ல்மட்டர் தலைமையில். மற்றொன்று பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகியோரின் குழு. ஈர்ப்பினால் விரிவு எவ்வளவு மந்தமாகிறது என்று அளப்பதே நோக்கம். தொலைவிலுள்ள வெடிப்புகளோ எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது இன்னும் தொலைவில் இருந்தன. விரிவு மந்தமாகவில்லை, முடுக்கம் பெறுகிறது! மூவருக்கும் 2011-இல் நோபல் பரிசு. முடுக்குவது எதுவோ அதற்குக் ‘கரும் ஆற்றல்’ என்று பெயர் வைத்தவர் மைக்கேல் டர்னர்.

★ பிரபஞ்சத்தின் மொத்த இருப்பில் ஏறத்தாழ 68 சதவீதம் கரும் ஆற்றல், 27 சதவீதம் கரும்பொருள். நீங்கள், நான், சூரியன், கண்ணுக்குத் தெரியும் அத்தனை கேலக்ஸிகளும் சேர்ந்து மிச்சமுள்ள 5 சதவீதம். ஆனால் கரும் ஆற்றல் மிகமிக அடர்த்தி குறைந்தது. நம் பூமி அடைத்திருக்கும் இடத்தில் உள்ள கரும் ஆற்றல் முழுவதையும் எடையாக மாற்றினால் ஏறத்தாழ 6 மில்லிகிராம்தான் தேறும். வெற்றிடம் எல்லையற்றுப் பரந்து கிடப்பதால்தான் அதன் கை ஓங்குகிறது.

★ பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒன்று: பிரபஞ்சத்தின் விரிவு முடுக்கம் பெறுகிறது, ஆனால் ஹபிள் மாறிலியின் மதிப்பு குறைந்துகொண்டே வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. எப்படி?

ஹபிள் மாறிலி ஒரு விகிதம். வட்டி விகிதம் போல. வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி விகிதம் ஆண்டுக்காண்டு கொஞ்சம் குறைகிறது என்று வையுங்கள். வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போனால், விகிதம் குறைந்தாலும் கைக்கு வரும் வட்டித் தொகை கூடலாம். விகிதம் மிக வேகமாகச் சரிந்தால் தொகையும் குறையும்; மெதுவாகச் சரிந்தால் தொகை வளரும். பிரபஞ்சத்தின் முதல் பாதியில் விகிதம் வேகமாகச் சரிந்தது, ஆகவே கேலக்ஸிகள் விலகும் வேகம் மட்டுப்பட்டது. 500 அல்லது 600 கோடி ஆண்டுகளுக்கு முன் சரிவு மெதுவானது, விலகும் வேகம் கூடத் தொடங்கியது. 780 கோடி ஆண்டுகளுக்கு முன் ஹபிள் விகிதம் ஏறத்தாழ 120 ஆக இருந்தது. பிளாங்க் கணக்கின்படி இன்று 67. கரும் ஆற்றல் மாறாமல் இருந்தால் எதிர்காலத்தில் 56 அளவில் போய் நிலைத்துவிடும். அதன் பிறகு பிரபஞ்சம் கூட்டு வட்டி போலவே பெருகும்.

மாறிலி என்று பெயர் இருந்தாலும் அது காலத்தால் மாறாதது அன்று. இந்த நொடியில் வானத்தின் எல்லாத் திசையிலும் ஒன்று என்பதே அதன் பொருள்.

★ கரும் ஆற்றலுக்கு மிக எளிய விளக்கம், ஐன்ஸ்டைன் 1917-இல் தம் சமன்பாட்டில் சேர்த்துப் பின்னர் கைவிட்ட அண்டவியல் மாறிலி: வெற்றிடத்துக்கே உரிய, என்றைக்கும் மாறாத ஆற்றல். லாம்டா என்ற கிரேக்க எழுத்தால் குறிப்பார்கள். வானியலோடு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் குவாண்டம் கோட்பாட்டைக் கொண்டு வெற்றிடத்தின் ஆற்றலை நேரடியாக மதிப்பிட்டால், அளந்ததைவிட 1-க்குப் பின் 120 பூஜ்யங்கள் போட்ட மடங்கு அதிகமாக வருகிறது. வேறு விதமாகக் கணக்குப் போட்டு அந்த வித்தியாசத்தைக் குறைக்கலாம், ஒழிக்க முடியவில்லை. ஹபிள் வழக்கைவிட இதுதான் ஆழமான சிக்கல் என்பது என் கருத்து. புனேயில் பணியாற்றிய தாணு பத்மநாபன் போன்றவர்கள் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குக் கொடுத்தார்கள்.

★ கரும் ஆற்றல் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு ஒரு கோட்பாடு தயாராக இருந்தது! 1988-இல், டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்கா சென்ற பரத் ராத்ராவும் பிரின்ஸ்டனின் ஜேம்ஸ் பீபிள்ஸும், காலத்தோடு மெல்ல உருண்டு குறையும் ஒரு புலம் பிரபஞ்சத்தை நிரப்பியிருந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கிறிஸ்டோஃப் வெட்டரிச்சும் தனியாக அதே யோசனைக்கு வந்தார். இன்று அவ்வகை மாதிரிகளுக்குக் குவின்டெசென்ஸ் என்று பெயர். பீபிள்ஸ் 2019-இல் நோபல் பெற்றார்.

★ மாதிரிகளை வகைப்படுத்தும் எண்ணுக்கு ‘டபிள்யூ’ என்று பெயர். கரும் ஆற்றலின் அழுத்தத்தை அதன் அடர்த்தியால் வகுத்தால் வருவது. மிகச் சரியாக மைனஸ் 1 என்றால் அண்டவியல் மாறிலி. மைனஸ் 1-க்குச் சற்று மேல் என்றால் குவின்டெசென்ஸ். விரிய விரிய அடர்த்தி குறையும். மைனஸ் 1-க்குக் கீழே என்றால் அடர்த்தி கூடிக்கொண்டே போகும். அதற்கு ஃபேன்டம் என்று பெயர். 1904-இல் ரஷ்யக் கணிதவியலாளர் சாப்ளிகின் காற்றோட்டத்தை ஆராய எழுதிய வாயுச் சமன்பாட்டை எடுத்து, அதையே கரும்பொருளாகவும் கரும் ஆற்றலாகவும் பாவித்த மாதிரிகூட உண்டு.

★ ஃபேன்டம் உண்மையானால் முடிவு பயங்கரம். ராபர்ட் கால்டுவெல்லும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் டபிள்யூ மைனஸ் 1.5 என்று வைத்துக் கணக்கிட்டார்கள். இன்றிலிருந்து 2,200 கோடி ஆண்டு கழித்து எல்லாம் கிழிந்துவிடும். அதற்கு 6 கோடி ஆண்டு முன் பால்வீதி பிரியும், 3 மாதம் முன் சூரியக் குடும்பம் கட்டவிழும், அரை மணி நேரம் முன் பூமி சிதறும், கடைசியில் அணுக்களும். மைனஸ் 1.5 போன்ற மதிப்பு இன்றைய அளவீடுகளுக்கு ஒத்துவராது என்பது ஆறுதல்.

★ 67 எங்கிருந்து வருகிறது? பெருவெடிப்புக்கு 3,80,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட நுண்ணலைப் பின்னணி ஒளியிலிருந்து. ஆனால் பிளாங்க் இன்றைய விரிவின் வேகத்தை நேரடியாக அளக்கவே இல்லை. அந்த ஆதி ஒளியில் உள்ள புள்ளிகளின் அளவைக் கொண்டு, பிரபஞ்சத்தில் எது எவ்வளவு என்று கணித்து, லாம்டா மாதிரி சரி என்று வைத்துக்கொண்டு 1,380 கோடி ஆண்டுகளை ஓட்டிப் பார்த்தால் இன்று 67.4 வர வேண்டும் என்பதே அதன் கூற்று. மாதிரியில் எங்காவது பிசகு இருந்தால் விடையும் பிசகும். ஒரு கருவியின் கோளாறு என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது: சிலியின் அடகாமா பாலைவனத்திலும் தென் துருவத்திலும் உள்ள தொலைநோக்கிகள் தனித்தனியே அளந்தும் 66-க்கும் 68-க்கும் இடையில்தான் வருகிறது.

★ 73 தரப்பில் சந்தேகம் இருந்த இடம், நெரிசல். தூரத்துக் கேலக்ஸியில் செஃபீடின் ஒளியோடு பக்கத்து விண்மீன்களின் ஒளியும் கலந்துவிட்டால் தொலைவு தவறும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் கூர்மையான பார்வையில் 1,000-க்கும் மேற்பட்ட செஃபீட்களை மறுபடி அளந்து, நெரிசல் காரணமில்லை என்று ரீஸ் குழு 2024-இல் காட்டியது. ஆனால் அதே வெப்பைக் கொண்டு, முதிர்ந்த செம்பெரு விண்மீன்களின் உச்சப் பிரகாசத்தை முக்கிய அளவுகோலாக வைத்த ஃப்ரீட்மன் குழுவுக்கு ஏறத்தாழ 70 கிடைத்தது. அது 67-க்கும் எதிரி அன்று, 73-க்கும் எதிரி அன்று. இருவருமே பல பத்தாண்டு உழைத்த நேர்மையான அளவையாளர்கள். ஆகவே ‘நெருக்கடி உறுதியாகிவிட்டது’ என்று எழுதுவதும் அவசரம். ‘நெருக்கடியே இல்லை’ என்று எழுதுவதும் அவசரம்.

★ ஒரு வெடிப்பை ஐந்து முறை பார்த்திருக்கிறோம்! நடுவில் இருக்கும் கனமான கேலக்ஸிக் கூட்டம் ஒளியை வளைத்தால், ஒரே சூப்பர்நோவா வெவ்வேறு பாதைகளில் வெவ்வேறு நேரத்தில் நம்மை வந்தடையும். அந்தத் தாமதத்தை வைத்தே ஹபிள் மாறிலியை அளக்கலாம் என்று நார்வேயின் ஷூர் ரெஃப்ஸ்டால் 1964-இல் எழுதினார். ஐம்பது ஆண்டு கழித்து, 2014-இல், அப்படியொரு வெடிப்பு நான்கு பிம்பங்களாகக் கிடைத்தது. ஐந்தாவது பிம்பம் எங்கே, எப்போது தோன்றும் என்று முன்கூட்டியே கணித்தார்கள். 2015 டிசம்பரில் சொன்ன இடத்தில் தோன்றியது. அந்த வெடிப்புக்கு ரெஃப்ஸ்டாலின் பெயரையே வைத்தார்கள். அவர் 2009-இல் மறைந்திருந்தார். அது தந்த மதிப்பு 65, 66 அளவில். வெப் கண்டுபிடித்த இன்னொரு பல பிம்ப வெடிப்போ 75 அளவில் தருகிறது. பிழை வரம்பு இரண்டுக்கும் பெரிது. இன்னும் பல கிடைத்தால்தான் இந்த வழியில் தீர்ப்பு.

★ விடையைத் தங்களுக்கே மறைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். மனத்தில் 67 அல்லது 73 இருந்தால், அந்த எண் வரும்வரை பிழை தேடிவிட்டு வந்ததும் நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. ஆகவே பல குழுக்கள் தரவை வேண்டுமென்றே மாற்றி வைத்து ஆய்வு செய்து, முறை முழுவதும் இறுதியான பிறகே திரையை விலக்குகின்றன. இப்படி உழைத்தவர்களைப் பார்த்து ‘எங்காவது கவனக்குறைவு இருக்கும்’ என்று எளிதாகச் சொல்லிவிடக் கூடாது.

★ 1.7 வினாடியில் பல கோட்பாடுகள் செத்த கதை இது. 2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்ஜிசி 4993 என்ற கேலக்ஸியில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. லைகோ, விர்கோ கருவிகள் ஈர்ப்பலையைப் பிடித்தன, 1.7 வினாடி கழித்துக் காமாக் கதிர் வந்தது. 13 கோடி ஆண்டுப் பயணத்தில் இவ்வளவுதான் வித்தியாசம் என்றால் ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே வேகத்தில் போகின்றன என்று பொருள். கரும் ஆற்றலே வேண்டாம், ஈர்ப்பு விதியையே திருத்திவிடலாம் என்ற மாதிரிகளில் கணிசமானவை இந்த இரண்டும் வேறு வேகத்தில் போகும் என்றிருந்தன. அவை ஒரே காலையில் வீழ்ந்தன.

அந்த மோதலே ஹபிள் மாறிலியையும் தந்தது: 70. பிழை வரம்பு மேலே 12, கீழே 8. ஆகவே இரு தரப்புக்கும் இடம் உண்டு. செஃபீடும் வேண்டாம், ஆதி ஒளியும் வேண்டாம், ஈர்ப்பலையின் வடிவமே தொலைவைச் சொல்லிவிடும் என்பதுதான் இந்த முறையின் சிறப்பு. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியாவுக்கு 2023-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அது இயங்கத் தொடங்கினால் இத்தகைய மோதல்கள் வானத்தில் எங்கே நடக்கின்றன என்று குறிப்பது பல மடங்கு எளிதாகும்.

★ அரிசோனாவின் கிட் பீக் மலை உச்சியில் 5,000 சிறிய இயந்திரக் கைகள், ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடி இழையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் 5,000 கேலக்ஸிகளை நோக்கித் தாமாகத் திரும்புகின்றன. டெசி என்ற இந்தக் கருவி மூன்று ஆண்டில் திரட்டிய 1.4 கோடிக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள், குவேசார்களின் வரைபடத்தை வைத்து 2025 மார்ச்சில் முடிவு வெளியிட்டது. ஆதிப் பிரபஞ்சத்தில் பரவிய ஒலி அலைகள் கேலக்ஸிகளின் பரவலில் விட்டுச்சென்ற தடம் ஒன்று உண்டு. இன்றைய அளவில் ஏறத்தாழ 48 கோடி ஒளியாண்டு. அந்தத் தடம் வெவ்வேறு காலங்களில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்த்தால் விரிவின் வரலாறே கிடைத்துவிடும்.

கிடைத்த வரலாறு லாம்டாவோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. நுண்ணலைத் தரவையும் சூப்பர்நோவாக்களையும் சேர்த்தால், கரும் ஆற்றல் காலத்தோடு மாறுகிறது, இப்போது தளர்ந்து வருகிறது என்ற பக்கம் சாய்கிறது. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் வலு 2.8 முதல் 4.2 சிக்மா வரை மாறுகிறது. சிக்மா கூடக் கூட, முடிவு தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு குறையும். கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 வேண்டும். தொகுப்பை மாற்றினால் வலு இவ்வளவு மாறுகிறது என்பதே கவனமாக இருக்கச் சொல்லும் அறிகுறி.

★ தொடக்கத்தில் சொன்ன குழப்பம் இங்கேதான் வருகிறது. டெசி செய்தி வந்தபோது, ஹபிள் சிக்கலும் தீர்ந்துவிடும் போல என்று பலர் நினைத்தார்கள். நேர்மாறு! தளர்ந்து வரும் கரும் ஆற்றலை ஏற்றுக்கொண்டு கணக்கிட்டால், ஹபிள் மாறிலி 64 முதல் 67 வரை வருகிறது. 73-ஐ நெருங்குவதற்குப் பதில் இன்னும் விலகுகிறது. டெசி சொல்வது சரியென்றே நிறுவப்பட்டாலும் ரீஸின் 73 அப்படியே விளக்கமில்லாமல் நிற்கும்.

★ 73-ஐ விளக்க வேண்டுமானால் பிரபஞ்சத்தின் பிற்காலத்தைவிடத் தொடக்க காலத்தில் கைவைப்பதே நல்ல வழி என்று பலர் கருதுகிறார்கள். விவியன் பூலன், தான்வி கர்வால் உள்ளிட்ட நால்வர் 2019-இல் முன்வைத்த ‘முற்காலக் கரும் ஆற்றல்’ அப்படிப்பட்டது. ஆதி ஒளி புறப்படுவதற்குச் சற்று முன் ஒரு சிறு ஆற்றல் தலைகாட்டி, விரிவைக் கொஞ்சம் விரட்டிவிட்டு மறைந்துவிடும். ஒலி அலை ஓடும் தொலைவு குறையும். அதற்கேற்ப ஹபிள் மாறிலி உயரும். சரியான நேரத்தில் வந்து சரியான நேரத்தில் மறைய அதற்கு யார் சொன்னார்கள் என்பதுதான் இதன் பலவீனம். இருந்தாலும் இருக்கும் மாதிரிகளில் ஓரளவாவது எண்களோடு நேருக்கு நேர் நிற்பது இது.

★ கரும் ஆற்றலே இல்லை என்போரும் உண்டு. நியூசிலாந்தின் டேவிட் வில்ட்ஷயர் 2007 முதல் சொல்லிவரும் கருத்து: வெற்றுவெளிகளில் கடிகாரம் வேகமாக ஓடும், கேலக்ஸிகளில் மெதுவாக ஓடும், அந்த வித்தியாசத்தைச் சேர்க்காததால்தான் முடுக்கம் இருப்பதாகத் தோன்றுகிறது. பெரும்பாலானோர் ஏற்கவில்லை. சோதித்துப் பார்க்கக்கூடிய கருத்து என்பதால் மதிக்கத்தக்கது.

★ யூக்ளிட் விண்கலம் 2023 ஜூலையில் ஏவப்பட்டது. சிலியில் வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. அது லட்சக்கணக்கில் சூப்பர்நோவாக்களைத் தரும். இரண்டு வழக்குகளுக்கும் புதிய சாட்சிகள் இவை.

★ ‘ஐன்ஸ்டைன் தவறு’ என்ற தலைப்பை அடுத்த முறை பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த வழக்கைப் பற்றிய செய்தி இது, எத்தனை சிக்மா? வீட்டில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் சொல்லுங்கள். பிளாங்கின் தரவு, 1,550 சூப்பர்நோவாக்கள் அடங்கிய பாந்தியன் பிளஸ் தொகுப்பு, டெசியின் முதல் தொகுப்பு எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு சாதாரணக் கணினியும் கொஞ்சம் பைத்தான் நிரலும் போதும். சூப்பர்நோவாக்களின் தொலைவையும் செம்பெயர்ச்சியையும் (விரிவால் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) வரைபடமாகப் போட்டு, முடுக்கத்தின் வளைவைத் தங்கள் கையாலேயே வரைந்து பார்க்கலாம். இந்த விடுமுறையில் முயலச் சொல்லுங்கள்.